கும்பிட்ட இடம் யார் நிலம்?

இங்கிலாந்தில் டார்செட் பக்கம் டால்பட்டில் என்று ஒரு கிராமம். அங்கே மண்ணும் கல்லும் செங்கலும் கலந்து எழுப்பிய சின்னக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1818-ல் மெதடிஸ்ட் சபையின் ஏழை சனங்களுக்காக எழுந்த ஜெபக்கூடம் அது. பிற்பாடு அது பண்ணைக் கொட்டகையாகிப் போனது. ஜெபம் கேட்ட சுவருக்குள் பண்ணைச் சாமான் கிடந்தது.

அந்த ஊர்க்காரர்தான் ஜார்ஜ் லவ்லெஸ். பண்ணைக் கூலி, அதே சபையில் பிரசங்கியும். வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 7 ஆகி, இனி 6 என்றபோது கூலிகள் சங்கம் வைத்தார்கள். ரகசியமாகச் சத்தியம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1834 மார்ச்சில் அவரையும் சேர்த்து 6 பேருக்கு 7 வருஷ நாடுகடத்தல் தண்டனை. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். நாடே கொதித்தது. 1836-ல் மன்னிப்பு வந்தது.

இதை நாம் ஏன் பேச வேண்டும்? நான் இருக்கிற கோபாலபுரத்துக்குப் பக்கத்து ராயப்பேட்டையில் அதே சபை 1819-ல் கோயில் கட்டியது. 1817-ல் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேம்ஸ் லிஞ்ச் பாதிரி வந்து தொடங்கிய வேலை. சபை ஒன்று, காலம் ஒன்று. ஆனால் டால்பட்டில் கூலி ஏழைதானே தவிர தீண்டப்படாதவர் இல்லை. அவர் கூலியைக் கேட்டுச் சிறைப்பட்ட 1834-ல், நம்ம ஊர்ப் பண்ணையாளுக்குக் கேட்கவே வாய் கிடையாது. அவரே ஆண்டையின் சொத்து. விற்கலாம், அடகு வைக்கலாம். ‘இவன் என் அடிமை’ என்ற வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்ற சட்டம் 1843-ல்தான் வந்தது.

சட்டம் வந்தும் மண் வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுச் சேரி சனங்கள் தாங்களே பாதிரிமார்களைத் தேடிப்போய்ப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். கூரை போடுவது பெரிய வேலை இல்லை. எந்த மனையில் போடுவது என்பதுதான் தகராறு. குடியிருக்கும் மனையே தனது என்றார் மிராசுதார். ‘எழுந்து போடா’ என்றால் குடிசையும் போச்சு, கோயிலும் போச்சு. 1891-ல் கலெக்டர் திரமென்ஹீர் இந்த நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892-ல் அரசாணை வந்து பஞ்சமி நிலம் பிறந்தது. திருவள்ளூர்ப் பக்கம் வேலை செய்த மெதடிஸ்ட் பாதிரி வில்லியம் கவுடி 1894-ல் பறையரும் நிலமும் பற்றியே கட்டுரை எழுதினார்.

அந்த நிலமும் கைமாறிப் போனது. மீட்கக் கிளம்பிய காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ல் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நூறு வருஷம் கழித்தும் அதே மண், அதே கேள்வி.

டால்பட்டில் கொட்டகையை 2015-ல் ஓர் அறக்கட்டளை வாங்கிக் காப்பாற்றியது. கூலிக்காரர் கும்பிட்ட இடமும் வரலாறுதான் என்று அங்கே ஒத்துக்கொண்டார்கள். நம்ம சேரிகளில் பகலில் பள்ளிக்கூடமாகவும் ஞாயிற்றுக்கிழமை கோயிலாகவும் இருந்த ஓலைக்கூரைகள் மழையில் கரைந்துவிட்டன. அவற்றை எந்தத் தொல்லியல் துறையும் தேடாது. நாம்தான் தேட வேண்டும். மாணவத் தோழர்களே, கிழவிகளிடம் கேளுங்கள்: மண் சுமந்தது யார்? ஓலை முடைந்தது யார்? மனை யார் பேரில் இருந்தது? பட்டா இப்போது யாரிடம்? பேரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். நாளைக்கு நிலம் கேட்டுப் போகும்போது அந்தக் காகிதம் நம் கையில் இருக்கட்டும்.