சிப்பாய்க்குக் கைத்தொழிலும் காணி நிலமும்

மெரினா எதிரே உள்ள லேடி வெலிங்டன் கல்லூரியை பஸ்ஸில் போகும்போது நம்மில் பலர் பார்த்திருப்போம். 1919-ல் சென்னை கவர்னரின் மனைவியாக இங்கு வருவதற்கு முன்பே, பம்பாயில் அந்தச் சீமாட்டி ஒரு நல்ல காரியம் செய்தார். முதல் உலகப் போரில் கை, கால் இழந்து திரும்பிய இந்தியச் சிப்பாய்களுக்காக 1917-ல் குயின் மேரி தொழிற்பள்ளியைத் தொடங்கினார். பின்னர் பூனாவை அடுத்த கிர்க்கிக்கு மாறிய அந்தப் பள்ளி, இன்றும் நடக்கிறது.

சிப்பாய்களில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஒரு கால் போனவர் ஏர் பிடிப்பது எப்படி? பென்ஷன் பசியை ஆற்றும். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் வேதனையை ஆற்றாது. அதனால்தான் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சென்னை மாகாண அரசு இன்னொரு வழி கண்டது: நிலம். அப்போது மலபார் ஜில்லாவில், அதாவது நம் மாகாணத்தில் இருந்த வயநாட்டில் முன்னாள் படைவீரர்களைக் குடியேற்றியது. காடு திருத்த வேண்டும், மலேரியாவையும் தாங்க வேண்டும். மலைப் பயிர் பழகாதவர்களுக்குத் துணையாக அம்பலவயலில் அரசு விவசாயப் பண்ணையும் வந்தது. 1956-ல் வயநாடு கேரளத்துக்குப் போயிற்று. அந்தப் பண்ணை இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். ‘பூப்பொலி’ மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதுகிறது.

ஊனமுற்றவருக்குத் தொழில், காடு திருத்த வலுவுள்ளவருக்கு நிலம். இரண்டையும் ஒருவருக்கே கொடுத்தால் என்ன? கோழி, தேனீ, நாற்றங்கால் எல்லாம் உட்கார்ந்தும் செய்யக்கூடிய விவசாயம்தானே! காலை இழந்தவர் மண்ணையும் இழக்க வேண்டியதில்லை.