கூப்பர் கருஞ்சாய்வெழுத்து: ஒரு வரலாற்று நோக்கு

அச்செழுத்தின் வடிவம் அழகுணர்வினால் மாத்திரம் தோன்றுவதன்று. சமுதாயத் தேவைகளும் அதனை உருவாக்குகின்றன. 1501இல் வெனிஸ் நகரில் அல்டஸ் மனுற்றியஸ் வெளியிட்ட வேர்ஜிலின் நூல், அறிஞர்தம் கையெழுத்தைத் தழுவிய சாய்வெழுத்தில் முழுவதும் அச்சாயிற்று. நாளடைவில் சாய்வெழுத்து நேரெழுத்துக்குத் துணையாகி, சொற்களை அழுத்திக் காட்டும் பணியை ஏற்றது.

இருபதாம் நூற்றாண்டின் நுகர்பொருட் சந்தை அதற்கு வேறொரு பணியையும் அளித்தது. சிக்காகோவில் விளம்பர எழுத்துகளை வரைந்துவந்த ஒஸ்வால்ட் கூப்பர் அமைத்த 'கூப்பர் பிளாக்' 1922இல் பார்ன்ஹார்ட் சகோதரர் - ஸ்பின்ட்லர் எழுத்து வார்ப்பகத்தினால் வெளியிடப்பட்டது. அதன் சாய்வு வடிவம் சில ஆண்டுகளில் தொடர்ந்தது. தடிப்பு தொலைவிலும் கண்ணைக் கவர்ந்தது. உருண்ட முனைகள் அக்கனத்தின் கடுமையைத் தணித்தன. சாய்வு கையெழுத்தின் இயல்பை நினைவூட்டியது. விற்பவனின் உரத்த குரல் நண்பனின் அழைப்பாக ஒலித்தது. நீண்ட வாசிப்புக்கோ அது பொருந்தாது: எழுத்தின் உள்வெளிகள் குறுகியிருப்பதால், சிறிய அளவிற் சொற்கள் கருந்திட்டுகளாகிவிடும்.

1960களில் ஒளியச்சுக்கோப்பு பரவியபோது ஈய அச்சின் இடைவெளிக் கட்டுப்பாடு நீங்கியது; எழுத்துகளை ஒன்றையொன்று தொடுமாறு நெருக்கி அமைக்க முடிந்தது. 1966இல் பீச் போய்ஸ் குழுவினரின் 'பெற் சவுண்ட்ஸ்' இசைத்தட்டின் உறையிலும் கூப்பர் பிளாக் இடம்பெற்றது. இளைஞர் பண்பாடு அதனைத் தனதாக்கிக்கொண்டது எனலாம். ஆயினும் இசைத்தட்டும் விற்பனைப் பொருளே. எனவே, எழுத்தின் நட்புத் தோற்றத்தைக் காணுமிடத்து, அது எவருடைய குரலாகப் பேசுகின்றது என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாவாகும்.