கித்தான் கூரை

ஜீப் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது முரட்டுத்தனமான ஓர் எஃகு உருவம். அதன் தலைமேல் விரிந்த துணியை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆயினும் அவ்வண்டி ஏன் அவ்வாறு அமைந்தது என்பதற்குரிய விடைகளுள் ஒன்று அத்துணியில் இருக்கிறது.

1940ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கப் படைத்துறை, சிறியதொரு வேவு வண்டி வேண்டுமென 135 நிறுவனங்களுக்கு அறிவித்தது. நான்கு சக்கரங்களும் உந்தப்படவேண்டும்; மாதிரி வண்டி 49 நாட்களில் வரவேண்டும்; எடை 1,300 பவுண்டை மிஞ்சலாகாது. பாண்டம் நிறுவனம் செப்டம்பர் 23ஆம் நாள் மாதிரியைக் கொண்டுவந்தது. எடை வரம்பையோ எவராலும் காக்க இயலவில்லை. அது பின்னர் 2,160 பவுண்டாக உயர்த்தப்பட்டது. பவுண்டு பவுண்டாகக் கணக்கிட்ட இடத்தில் எஃகுக் கூரைக்கு இடமேது? அன்றியும், முன்கண்ணாடியை மடக்கி முகப்பின்மேல் சாய்த்தால்தான் வண்டி எதிரியின் பார்வைக்குத் தாழ்ந்து நிற்கும். கண்ணாடியோடு மடங்கவல்ல கூரை துணியன்றி வேறில்லை. ஆகவே, வளைந்த இரு குழாய்க் கம்பிகளின்மேல் பருத்திக் கித்தானை விரித்தனர். வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு நிறுவனங்களும் போர்க்காலத்தில் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளை இவ்வாறே செய்தளித்தன. பின்னர் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோது இக்கூரையும் நம் நாட்டுச் சாலைகளில் பரவியது.

பருத்திக் கித்தானுக்கு ஓர் அரிய குணம் உண்டு. நனைந்தால் அதன் நூல் பருத்து, இழைகளின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதே ஈரத்தால் துணி சுருங்குவதும் உண்டு. ஆதலால் கைதேர்ந்த தையற்காரர் அதற்கென்று சற்றே இடம் விட்டு வெட்டுவார். கண்ணாடியை நிமிர்த்திக் கம்பிகளை உயர்த்திய பின்னரே, வண்டியின்மீதே துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் குறியிடுவார். இரு விளிம்புகளையும் ஒன்றனுள் ஒன்றாக மடித்து இரட்டைத் தையல் இடுவார். மழைநீர் மடிப்புக்குள் தேங்காமல் வழியுமாறு அம்மடிப்பின் வாயைக் கீழ்நோக்கி அமைப்பார். கம்பி உராயும் இடங்களில் மற்றொரு துண்டை வைத்துத் தைப்பார்.

இன்று அவ்வண்டிகளைப் பழைய உருவில் பேணுவோர் பலர் உளர். துருவேறிய தகட்டை வெட்டி ஒட்டலாம். வெயிலும் பூஞ்சையும் தின்ற துணி மீளாது. இற்றுப்போன கூரையைப் பலர் கழற்றி எறிந்துவிடுகின்றனர். ஆனால் தையலைப் பிரித்துத் துண்டு துண்டாகத் தரையில் பரப்பினால் அதுவே வெட்டுமாதிரி ஆகும். பாவுநூல் ஓடிய திசை, மடிப்பின் அகலம், நாடா தைத்த இடம், துளையின் இடைவெளி ஆகியவற்றை அது இன்னும் காட்டும். அளவெடுத்து எழுதிய பின்னரே அதனைக் கைவிடுதல் தகும். பழந்துணியைக் காணாமல் தைக்கும் கூரை மழையைத் தடுக்கலாம். அன்று தைத்த கைகள் கண்ட வழியை அது நமக்குச் சொல்லாது.