ஒலிக்கலப்பு மேசையும் அதன் புத்துயிர்ப்பும்

ஒலிப்பதிவுக் கூடத்திலே பாடுவோர், இசைப்போர் ஆகியோரின் ஒலிகள் தனித்தனி ஒலிவாங்கிகள் வழியே வந்து கூடுமிடம் ஒலிக்கலப்பு மேசையாகும். எவ்வொலி ஓங்கவேண்டும், எவ்வொலி ஒடுங்கவேண்டும் என்பது அங்கேயே முடிவாகின்றது. எனினும், இசை வரலாறு எழுதுவோர் பாடியவரைப் போற்றும் அளவிற்கு இக்கருவியைப் பொருட்படுத்துவதில்லை.

இலண்டன் அபே ரோட்டில் 1931இல் திறக்கப்பட்ட ஈ.எம்.ஐ. கூடத்தில் நெடுங்காலம் வால்வு மேசைகளே வழங்கின. 1968இன் இறுதியில், அந்நிறுவனத்தாரே வடிவமைத்த ரீ.ஜி. 12345 என்னும் திரான்சிஸ்டர் மேசை இரண்டாம் கூடத்திலே நிறுவப்பட்டது. 24 ஒலிவாங்கிகளை ஏற்று, எட்டுத் தடங்களிற் பதிய அது உதவிற்று. பீற்றில்ஸ் குழுவினரின் 'அபே ரோட்' இசைத்தட்டு (1969) அதிலேயே உருவாயிற்று. அத்தட்டின் ஒலி முந்தியவற்றினும் மென்மையாய் அமைந்தமைக்கு இம்மாற்றமும் ஒரு காரணம் என்பர்.

1947இற் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிஸ்டர், பதிவோரை மட்டுமன்றிக் கேட்போரையும் மாற்றியது. வால்வு வானொலிக்கு மின்னிணைப்போ பாரிய மின்கலமோ வேண்டியிருந்தது. திரான்சிஸ்டர் வானொலிக்குச் சிறு மின்கலங்களே போதுமாயின. மின்னிணைப்பு எட்டாதிருந்த எழுவைதீவு போன்ற தீவகச் சிற்றூர்களிலும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டல் இதனால் எளிதாயிற்று.

1971இல் புதிய மேசையொன்று இரண்டாம் கூடத்திற்கு வந்தது. பிங்க் புளொயிட் குழுவினருக்குப் பயன்பட்ட அம்மேசை, 2017இல் ஏறத்தாழ 18 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போயிற்று. முதல் மேசையோ பின்னர் கழற்றப்பட்டுச் சிதறுண்டது. அக்கூடத்தின் முன்னாட் பொறியியலாளர் பிரையன் கிப்சன் தலைமையில் ஐந்தாண்டுகள் உழைத்து அதனை மீளமைத்தனர். 2024இல் அது விற்பனைக்கு வந்தபோது, பாகங்களில் நூற்றுக்கு எழுபதிற்கு மேற்பட்டவை பழையனவாகவே இருந்தன.

இத்தகைய பணியிலே ஒரு சிக்கல் உண்டு. காலப்போக்கிற் கொள்ளளவிகள் உலர்ந்துவிடும். ஆளிகளின் தொடுகைகள் கறுக்கும். ஒன்றையும் மாற்றாது விட்டால் மேசை ஊமையாகும். யாவற்றையும் மாற்றினால் அது வேறொரு மேசையாகும். எதைக் காப்பது, எதைக் களைவது எனத் தெளிவதற்குச் சுற்று வரைபடங்களும், கருவியை நாளும் கையாண்டவரின் அறிவும் இன்றியமையாதன. பணத்தாற் பாகங்களை வாங்கலாம், கைப்பழக்கத்தை வாங்கவியலாது.

பதிவு செய்யப்பட்ட குரலைப் பேணுதல் பாதிப் பணியே. அக்குரலைக் கலந்தனுப்பிய மேசையையும், அதனைப் பழுதுபார்த்தவரின் அனுபவத்தையும், தீவகத்து வீட்டிலே அதனை ஒலித்த சிறு வானொலிப் பெட்டியையும் ஒரே வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளல் வேண்டும். அறிந்தோர் வாழுங்காலத்திலேயே அவர்தம் அறிவை எழுத்திற் பதிந்து வைத்தல், தமிழ் ஒலிபரப்பு வரலாற்றை ஆராய்வோர் முதலிற் செய்யத்தக்க கடமையாகும்.