ஒரு ரூபாயும் ஒரு திர்ஹமும் ஒன்றாக இருந்த காலம்



உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வர்த்தகப் பிரிவில் படித்த பிள்ளைகளின் வீடுகளில் ஒரு பெருக்கல் கணக்குத் தொடங்கிவிடும். கொழும்பில் கணக்காளருக்கு இவ்வளவு, டுபாயில் இவ்வளவு திர்ஹம், அதை எண்பதால் பெருக்கினால் இவ்வளவு! கலியாணப் பேச்சிலும் இதே கணக்குத்தான். வகுப்பில் கணக்கீடு படிப்பிக்கும் நாம், அந்த எண்பது எங்கிருந்து வந்தது என்பதை ஒருமுறையாவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1960இல் டுபாயில் புழங்கிய காசு ரூபாய்தான். இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே 1959இல் தனி நோட்டு அச்சிட்டது. அதன் பெறுமதி இந்திய ரூபாவுக்குச் சமம். எமது இலங்கை ரூபாவும் அப்போது இந்திய ரூபாவுக்குச் சமமாகவே இருந்தது. அப்படியென்றால் கொழும்பு கோட்டையில் ஒரு கணக்கெழுதுநர் வாங்கிய நூறு ரூபாயும், டுபாய் தேராவில் ஒரு வியாபாரியின் கணக்குப்பிள்ளை வாங்கிய நூறு ரூபாயும் ஒரே பெறுமதிதான். பெருக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்த நாளில் கணக்கு வேலை தேடி இங்கிருந்து அங்கே போவதாக யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கொழும்பில் துறைமுகம், தேயிலை ஏல வியாபாரம், வங்கிகள், வெள்ளைக்காரர் தொடங்கிய கணக்காய்வு நிறுவனங்கள் எல்லாம் இருந்தன. 1959இல் பட்டயக் கணக்காளர் நிறுவகம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதற்கு முந்திய வருடம் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. டுபாயில் மின்சாரம் பொதுப் பாவனைக்கு வந்ததே 1961இல். 1968 குடித்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே அறுபதாயிரம் பேர்கூட இல்லை. கொழும்பு மாநகரில் 1963லேயே ஐந்து இலட்சத்துக்கு மேல்.

பிறகு இரண்டும் பிரிந்தன. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாவை மதிப்பிறக்கம் செய்தது. வளைகுடா ரூபாவும் சேர்ந்து இறங்கவே, டுபாய் அதைக் கைவிட்டு, கத்தாரோடு சேர்ந்து ரியாலை வெளியிட்டது. அந்த ரியாலுக்கு ரூபாவின் பழைய பெறுமதியையே வைத்தார்கள். 1973இல் வந்த திர்ஹம், அந்த ரியாலுக்கு ஒன்றுக்கொன்றாக மாற்றப்பட்ட காசு. எமது ரூபாய் 1967 நவம்பரில் முதல் அடி வாங்கியது. ஒரு டொலர் 4.76இலிருந்து 5.95 ஆனது. டுபாய்க் காசு ஒன்றுக்கு நாம் ஒன்றேகால் ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்தபோது டொலர் 16 ரூபாய், திர்ஹம் நான்கு ரூபாய் அளவில். 2000ஆம் ஆண்டு முடியும்போது இருபதைத் தாண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1980இலிருந்து ஒரு டொலர் ஏறத்தாழ 3.67 திர்ஹம்தான். அது அசையவில்லை. அசைந்ததெல்லாம் எமது ரூபாய். டுபாயில் எண்ணெய் 1966இல் கண்டுபிடிக்கப்பட்டது, துறைமுகங்கள் வந்தன, சம்பளமும் உயர்ந்தது, எல்லாம் உண்மை. ஆனாலும் எண்பது என்ற எண் அவர்களுடைய வளர்ச்சியின் அளவு அல்ல, எமது ரூபாவின் சரிவின் அளவு.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். வருடத் தொடக்கத்தில் திர்ஹம் 55 ரூபாய். மே மாதமளவில் 98. மாதம் 2000 திர்ஹம் அனுப்பிய பிள்ளையின் காசு 110,000இலிருந்து 196,000 ஆனது. அங்கே அவருக்கு ஒரு திர்ஹம்கூடச் சம்பளம் கூடவில்லை. இங்கே அந்த செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அடுத்த வருடம் ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தபோது அதே 2000 திர்ஹம் 164,000 ஆகச் சுருங்கியது. "என்ன, மகன் இப்போ குறைச்சு அனுப்புறானே" என்று கேட்ட உம்மாமார் எத்தனை பேர்! பாவம், அந்தப் பிள்ளை ஒன்றையும் குறைக்கவில்லை.

சரி, இன்று எப்படி ஒப்பிடுவது? பேச்சுக்கு 5000 திர்ஹம் என்று வைப்போம். பெருக்கினால் நாலு இலட்சம். ஆனால் அந்தப் பிள்ளை வாடகையையும் சாப்பாட்டையும் திர்ஹத்தில்தான் கட்டுகிறார். தனி ஆளாக ஓர் அறையில் கட்டில் இடம் எடுத்துக் கொண்டு இருந்தால் மிச்சம் பிடிக்கலாம். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதும் பெரிய வாய்ப்பு. மனைவி மக்களைக் கூப்பிட்டால் கணக்கு வேறு. வீட்டு வாடகைக்குப் பின்திகதியிட்ட காசோலைகள், பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக்கூடக் கட்டணம். 1945இலிருந்து இலவசக் கல்வியில் படித்து வந்த சமூகத்துக்கு அந்தக் கட்டணத்தை மனக்கணக்கில் சேர்க்கவே தோன்றுவதில்லை.

கொழும்பும் எமக்கு வெளியூர்தான். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ போர்டிங், ஊருக்கு வர பஸ் காசு, பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் சொற்பக் கொடுப்பனவு. கொழும்பு மலிவு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொழும்புச் சம்பளத்தின் பின்னால் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது: சேமலாப நிதிக்கு முதலாளி போடும் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். டுபாயில் எமது பிள்ளைக்குக் கிடைப்பது சேவை முடிவுப் பணம். முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். மொத்தம் 5000 என்று காட்டி அடிப்படையை 2000 என்று எழுதிய ஒப்பந்தம் என்றால் அந்த 21 நாளும் 2000த்துக்குத்தான். கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு வரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

70, 80களில் டுபாய் போன காக்காமார் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பழைய சம்பளச் சிட்டையோ வங்கி டிராஃப்ட்டின் அடிக்கட்டையோ கிடந்தால், பெயரை மறைத்துவிட்டுப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த வருடம், எத்தனை திர்ஹம், இங்கே எத்தனை ரூபாய் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.