பாப் டிலன் பாடல்களில் விவிலியம்

அமெரிக்க ராக் பாடலாசிரியரும் 2016இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றவருமான பாப் டிலன் (பிறப்பு 1941) யூதக் குடும்பத்தில் பிறந்தவர். எபிரேய வேதத்தின் மாந்தரும் தீர்க்கதரிசிகளின் எச்சரிக்கைக் குரலும் அவருடைய பாடல்களில் தொடக்கம் முதலே புழங்குகின்றன. 1965இல் வெளிவந்த 'ஹைவே 61 ரீவிசிட்டட்', மகனைப் பலியிடுமாறு ஆபிரகாமுக்குக் கடவுள் இட்ட கட்டளையை (ஆதியாகமம் 22), மோரியா மலையிலிருந்து டிலன் பிறந்த டுலூத் நகரை அன்று தொட்டுச் சென்ற நெடுஞ்சாலைக்குக் கொண்டுவருகிறது. டிலனுடைய தந்தையின் பெயர் ஏப்ரம், அதாவது ஆபிரகாமின் முற்பெயரான ஆபிராம், என்பது இப்பாடலுக்குத் தனிக் கனம் சேர்க்கிறது.

இவ்வகையில் தலையாயது 1967ஆம் ஆண்டின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'. ஏசாயா 21ஆம் அதிகாரத்தில், கோபுரத்தில் நிற்கும் ஜாமக்காரன் குதிரைவீரர் வருவதைக் கண்டு, பாபிலோன் விழுந்தது என அறிவிக்கிறான்; டிலனோ இரு குதிரைவீரர் நெருங்கிவர, காற்று ஊளையிடும் இடத்திலேயே பாடலை முடித்துவிடுவதால், சொல்லப்படாத அந்த வீழ்ச்சியை வேதம் அறிந்தவர் மனத்தில் தாமே நிரப்பிக்கொள்கிறார். சொல்லாமல் விட்டதே இங்குக் கவித்துவத்தின் உச்சம்.

'மறுபிறப்பு', அதாவது கிறிஸ்துவை ஏற்று வாழ்வைப் புதிதாகத் தொடங்குதல், என்னும் அனுபவத்திற்குப்பின் அவர் வெளியிட்ட 'ஸ்லோ டிரெய்ன் கமிங்' (1979), 'சேவ்ட்' (1980) ஆகிய இசைத்தொகுப்புகளில் பிரசங்கத் தொனி மேலோங்குகிறது. 'ஷாட் ஆஃப் லவ்' (1981) தொகுப்பின் இறுதிப் பாடலான 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் சாண்ட்' அத்தொனியை விட்டு, தரையில் விழும் அடைக்கலான் குருவியும் எண்ணப்பட்ட தலைமயிரும் பற்றிய இயேசுவின் சொற்களை (மத்தேயு 10) ஐயமும் தழுதழுப்பும் கலந்த தனிமனித மன்றாட்டாக மாற்றுகிறது.