வீட்டில் எலெக்ட்ரிக் வண்டிக்கு சார்ஜ்: ஒயரைப் பார்க்காம பெட்டி வாங்காதீங்க!

திருச்சி:
தில்லைநகர் அபார்ட்மென்டில் குடியிருப்பவரா நீங்க? மாடி ஜன்னல் வழியா ஒயரைத் தொங்கவிட்டு, கீழே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டி வண்டிக்கு சார்ஜ் போடுறீங்களா? உஷார்!

வேலூர் அல்லாபுரத்தில் 2022 மார்ச் மாதம், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த புது எலெக்ட்ரிக் பைக் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் பலியானார்கள்.

எந்த பிளக்?
ஸ்கூட்டருக்கு தனிப் பெட்டி தேவையில்லை. கம்பெனி கொடுத்த சார்ஜரும், எர்த் உள்ள நல்ல பிளக் பாயின்ட்டும் போதும். காருக்கு ஏ.சி., கீசர் மாட்டுற 15 ஆம்பியர் பிளக் வேணும். இதில் 30 யூனிட் பேட்டரி நிரம்ப சுமார் 10 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டா காலையில் ரெடி.

7 கிலோவாட் சுவர் பெட்டியில் பாதி நேரம்தான். ஆனா, காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்தான் இழுக்கும்னா, பெரிய பெட்டி வாங்கியும் வேகம் கூடாது. காசுதான் வீண். ஷோரூமில் முதலில் இதைக் கேளுங்க.

எதில் கஞ்சத்தனம் கூடாது?
மெயின் போர்டில் இருந்து தனி ஒயர் இழுக்கணும். 15 ஆம்பியருக்கு 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், சுவர் பெட்டிக்கு 6 ஸ்கொயர். தூரம் அதிகம்னா இன்னும் தடிமன் வேணும். தனி எம்.சி.பி., கரன்ட் கசிந்தால் உடனே டிரிப் ஆகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சரியான எர்த் இந்த மூன்றும் கட்டாயம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்தே வேலை பாருங்க.

இ.பி. கனெக்‌ஷன்
வீட்டு இணைப்பிலேயே சொந்த வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரி விதிமுறையில் கூறியுள்ளது. சுவர் பெட்டி வைத்தால் லோடு போதுமான்னு பார்த்து, கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்கணும். 3 பேஸ் மாற்ற வேண்டியும் வரலாம்.

அபார்ட்மென்டில் பொது மீட்டரில் கை வைக்காதீங்க. சங்கத்தில் எழுத்து மூலமா சம்மதம் வாங்கி, உங்க மீட்டரில் இருந்தே பைப் வழியா ஒயர் இறக்குங்க. வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனரிடமும் கேட்டுடுங்க.

மறக்காதீங்க
வாசலையோ படிக்கட்டையோ மறித்து சார்ஜ் போடக்கூடாது. தீப்பிடித்தால் அதுதான் வெளியேற வழி. வண்டி ஓட்டி வந்த சூட்டோடு பிளக்கை மாட்டாதீங்க. பிளக் சுட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ மெயினை அணைங்க. புகை வந்தா அணைக்கப் போராடாம எல்லாரையும் வெளியேற்றி 101-க்கு போன் போடுங்க. வண்டி போனா வாங்கிக்கலாம், உயிர் வராது!